கோதுமை, கேழ்வரகு, கருப்பட்டி போட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட்: எது சொதப்பினால் எதைச் சரிசெய்வது

மைதா, வெள்ளைச் சர்க்கரை, வெண்ணெய் போட்டுச் சுடும் பிஸ்கட் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஒப்பேறிவிடும். இந்தக் கிறிஸ்துமஸுக்காவது பிள்ளைகளுக்கு நல்லதாகச் செய்து கொடுப்போம் என்று கோதுமை, கேழ்வரகு, நாட்டுச்சர்க்கரை என இறங்கும்போதுதான் சோதனை ஆரம்பிக்கிறது. ஒரு தட்டு கல்லாகிறது, அடுத்த தட்டு உதிர்கிறது. உடனே வீட்டில் யாராவது "ஒரு கைப்பிடி மைதா சேர்த்துப் பார்" என்பார்கள். அப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் பழைய பிஸ்கட்டிலேயே வந்து நிற்போம். நானும் இரண்டு டிசம்பர் அப்படித்தான் நின்றேன். மைதாவுக்குத் திரும்பாமலே இவற்றைச் சரிசெய்ய முடியும்.

பிஸ்கட்டில் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலை பார்க்கிறது. மைதா எல்லாவற்றையும் பிடித்து ஒட்டவைக்கிறது. சர்க்கரை இனிப்போடு நிற்பதில்லை, சூட்டில் உருகி பிஸ்கட்டைப் பரப்புகிறது, ஆறும்போது இறுகி மொறுமொறுப்பு தருகிறது. வெண்ணெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்து, வாயில் போட்டதும் கரையும் பதத்தைக் கொடுக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் அது பார்த்த வேலையை வேறு எதுவோ பார்த்தாக வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: கோதுமை மாவு 150 கிராம், வறுத்த கேழ்வரகு மாவு 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், நாட்டுச்சர்க்கரை அல்லது கருப்பட்டி 80 கிராம், பால் 2 முதல் 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சுக்குத்தூள் 1 தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய் உப்புப் போட்டது என்றால் சிட்டிகை உப்பு வேண்டாம். 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் சுட்டால் 24 பிஸ்கட் வரும். தராசு இருந்தால் எடை போடுங்கள். டம்ளர் கணக்கில் கோதுமை மாவை அமுக்கி அளந்தால் ஒரு டம்ளருக்கே 20, 30 கிராம் கூடிவிடும்.

மாவு திரண்டு வரவில்லை, உருட்டினால் வெடிக்கிறது

மைதா அளவுக்கு அப்படியே கோதுமை மாவைப் போட்டால் இது நிச்சயம் வரும். கோதுமைத் தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும். சப்பாத்திக்கென்று கல் இயந்திரத்தில் அரைத்த மாவில் அரைபடும்போதே மாவுச்சத்து உடைந்திருப்பதால் அது இன்னும் கூடுதலாக இழுக்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, வெண்ணெயை இன்னும் 20 கிராம் கூட்டுவது. மாவு அப்போதைக்குத் திரளும், ஆனால் சூட்டில் நெய் கசிந்து தட்டெல்லாம் வழியும். வேண்டியது ஈரம்தான். பாலை ஒவ்வொரு கரண்டியாகத் தெளித்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும் பதத்தில் நிறுத்துங்கள். பிறகு மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்த நேரத்தில் தவிடு ஊறிவிடும். ஊறிய மாவில் சுட்ட பிஸ்கட்டில் தவிட்டின் நறநறப்பும் குறையும். அவசரத்தில் நான் எதை விட்டாலும் இந்த அரை மணி நேரத்தை விடுவதில்லை.

வெந்து ஆறியதும் கல் போல் ஆகிவிட்டது

இரண்டு காரணங்கள் உண்டு. எது உங்களுடையது என்று உடைத்துப் பார்த்தால் தெரியும்.

உடைத்த இடம் இறுக்கமாக, அடுக்கடுக்காகச் சப்பாத்தி காய்ந்தது போல இருந்தால், மாவை அதிகம் பிசைந்திருக்கிறீர்கள். கோதுமையில் பசைத்தன்மை வரவர பிஸ்கட் கடினமாகும். வெண்ணெயும் சர்க்கரையும் நன்றாகக் குழைத்தபின் மாவைக் கொட்டி, விரல் நுனியால் சேர்த்தால் போதும். உள்ளங்கை வைத்துத் தேய்க்க வேண்டாம். சப்பாத்தி பிசைந்து பழகிய கை தானாக அமுக்கும். அதற்குத்தான் நான் மரக்கரண்டியால் கலக்கிக் கடைசியில் மட்டும் கையை வைக்கிறேன்.

உடைத்த இடம் ஒரே சீராக, வறண்டு, கரும்பழுப்பாக இருந்தால் நேரம் கூடிவிட்டது. வெல்லம், கருப்பட்டி போட்ட பிஸ்கட் ஓவனில் இருக்கும்வரை மெத்தென்றுதான் இருக்கும். ஆறும்போதுதான் இறுகும். உள்ளேயே இறுகட்டும் என்று காத்திருந்தால் அது ஆறியபின் பல்லை உடைக்கும். ஓரம் தொட்டால் உறுதியாகவும் நடுவில் லேசாக அமுங்கியும் இருக்கும்போதே எடுத்து, தட்டிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். சந்தேகமாக இருந்தால் முதலில் இரண்டே இரண்டு பிஸ்கட்டை மட்டும் சுட்டு, முழுதாக ஆறவைத்துக் கடித்துப் பாருங்கள்.

உருட்டி வைத்தது உருண்டையாகவே இருக்கிறது

இதைக் குறை என்றே சொல்ல மாட்டேன். சர்க்கரையைக் குறைத்தோம், தண்ணீரை இழுக்கும் மாவைப் போட்டோம், அதனால் பரவுவதற்கு எதுவும் இல்லை. சர்க்கரையைக் கூட்டாமல், சுடுவதற்கு முன் டம்ளரின் அடியாலோ முள்கரண்டியாலோ அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அமுக்கிவிடுங்கள். அமுக்கிய கனம்தான் வெந்த கனமும்.

எல்லாம் பரவி ஒரே தட்டாக ஒட்டிக்கொண்டது

கொழுப்பு சீக்கிரம் உருகிவிட்டது. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். டிசம்பரில்கூடச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் பகல் வெப்பம் அதைத் தாண்டும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டி உருகும் என்றாலும் அடுப்பங்கரையில் அதுவும் நிற்பதில்லை. வெண்ணெய்க்குப் பதில் நெய் போட்டவர்களுக்கு இன்னொரு வேறுபாடு: வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யோ கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய் போதும். அதுவும் உறைந்த நெய்யாக இருக்க வேண்டும், உருக்கியதாக இருக்கக் கூடாது.

சரி, மாவு ஏற்கெனவே தயாராகிவிட்டது, இப்போது என்ன செய்வது? உருட்டி அமுக்கியபின் தட்டோடு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நேராக ஓவனுக்கு மாற்றுங்கள். முதல் ஈடு எடுத்த சூடான தட்டிலேயே இரண்டாம் ஈட்டை அடுக்காதீர்கள். முதல் ஈடு நன்றாக வந்து இரண்டாவது பரவிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எடுத்தாலே பொலபொலவென்று உதிர்கிறது

கேழ்வரகிலும் கம்பிலும் பசைத்தன்மை இல்லை. மொத்த மாவில் இவை கால் பங்குவரை இருந்தால் கோதுமை தாங்கிக்கொள்ளும். பாதிக்குமேல் போனால் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது வேண்டும். ஒரு முட்டை போடலாம். முட்டை சேர்க்காத வீடு என்றால் 1 மேசைக்கரண்டி ஆளிவிதைத் தூளை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும். அதைப் பாலுக்குப் பதிலாகச் சேருங்கள். விதை நீக்கிய பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிஸ்கட் மெத்தென்று வரும், மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது.

கேழ்வரகில் பச்சை வாடை அடித்தால் வறுத்தது போதவில்லை. சிறு தீயில், மணம் எழும்பும்வரை கைவிடாமல் வறுத்து, முழுதாக ஆறியபின் சலித்துச் சேருங்கள். சூட்டோடு போட்டால் வெண்ணெய் உருகி மேலே சொன்ன பரவல் பிரச்சினை வந்து சேரும்.

கசக்கிறது

கசப்பு எதிலிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டாம், ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பாருங்கள். (பச்சை மாவை மட்டும் ருசி பார்க்க வேண்டாம். மாவும் சமைக்காத பொருள்தான், அதில் கிருமி இருக்கலாம். வாணலியில் ஒரு கரண்டி வறுத்துப் பாருங்கள்.)

கம்பு மாவு போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்தவுடன் அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் வேலையைத் தொடங்கிவிடும். சில நாட்களிலேயே காறல் வாடையும் கசப்பும் வந்துவிடும். கடையில் பாக்கெட்டாக வாங்கி ஒரு மாதம் வைத்திருந்த கம்பு மாவை எத்தனை கருப்பட்டி போட்டாலும் மீட்க முடியாது. தானியமாக வாங்கி, வறுத்து, தேவைக்கு மட்டும் அரையுங்கள். மீந்தால் ஃப்ரீசரில் வையுங்கள். அக்ரூட், ஆளிவிதைத் தூள், எள் இவையும் பழசானால் இதே காறல்தான்.

கசப்போடு சோப்பு மாதிரி வழுவழுப்பும் இருந்தால் சமையல் சோடா. சோடா நன்றாக வேலை செய்யப் புளிப்பு வேண்டும். வெல்லம் போட்டால் அந்தப் புளிப்பு கிடைத்துவிடும் என்று நம்பிப் பலர் சோடாவை அள்ளிப் போடுகிறார்கள். கருப்பட்டிக்கு இது சரிவராது. பதநீர் புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள். சுண்ணாம்பு புளிப்புக்கு எதிரானது. ஆகவே தனக்கு வேண்டிய புளிப்பைத் தானே வைத்திருக்கும் பேக்கிங் பவுடர்தான் கருப்பட்டி பிஸ்கட்டுக்குப் பொருத்தம்.

கசந்து நாக்கு மரத்தும் போனால் அது கிராம்பு. இந்த அளவுக்கு இரண்டு கிராம்பு போதும், மூன்றாவது ஒன்றே மற்ற மணங்களை அமுக்கிவிடும். ஜாதிக்காயும் அப்படித்தான், துருவினால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அதிகமாகப் போனால் உடம்புக்கும் ஆகாது.

இத்தனை மசாலா போட்டும் மணமில்லை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சர்க்கரையைக் குறைத்த பிஸ்கட்டைக் காப்பாற்றுவது மணம். ஏலக்காய், பட்டை மணம் வந்தாலே நாக்கு இனிப்பைக் கூட்டி உணரும். அதனால் "இனிப்பு போதவில்லை" என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளினாலும் சர்க்கரை டப்பாவைத் தொடாமல் முதலில் இங்கே பாருங்கள். சிட்டிகை உப்பும் விட்டுப்போயிருக்கலாம்.

ஏலக்காயின் மணம் விரைவில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. பொடித்து வைத்தது ஒரு மாதத்தில் மரத்தூள் ஆகிவிடும். காய்களை அன்றன்றைக்கு உரித்து, விதையை ஒரு கரண்டி நாட்டுச்சர்க்கரையோடு சேர்த்து இடியுங்கள், மையாக வரும். மசாலாவின் மணம் கொழுப்பில் கரையும் என்பதால், மாவில் தூவுவதைவிட வெண்ணெய் குழைக்கும்போதே சேர்ப்பது மேல். அதையும்விட மேல், 1 கரண்டி நெய்யை லேசாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மசாலாத் தூளை அதில் போட்டு ஆறவைப்பது. பிசைந்த மாவை ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மணம் நன்றாக ஊறியிருக்கும்.

சுக்கைப் பொடிக்கும் முன் தோலைச் சீவுங்கள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள். பொடித்தபின் மெல்லிய சல்லடையில் சலிக்காவிட்டால் நார் பல்லில் சிக்கும்.

அடுத்தது பட்டை. நம் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா வகை: தடித்த, கடினமான, ஒற்றைச் சுருள், காரமான மணம். இலங்கைத் தமிழர்கள் கறுவா என்று சொல்லும் இலங்கைப் பட்டை காகிதம் போல மெல்லியது, பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். மணம் மென்மையானது, பிஸ்கட்டுக்கு அதுதான் அழகு. உடல்நலக் காரணமும் உண்டு. காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது, தொடர்ந்து அதிகம் சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. இலங்கைப் பட்டையில் அது மிகமிகக் குறைவு. ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் நட்சத்திர வடிவப் பட்டை பிஸ்கட்டுகளில் கூமரின் அதிகம் இருப்பதாக 2006-ல் அந்நாட்டு அரசு நிறுவனம் எச்சரித்தது. பட்டை சேர்த்த பண்டிகைக்காலப் பேக்கரிப் பண்டங்களுக்கு இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. வீட்டில் 24 பிஸ்கட்டுக்கு அரைத் தேக்கரண்டி என்பது பயப்படும் அளவல்ல. ஆனாலும் டிசம்பர் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் தினமும் சாப்பிடப் போகிறார்கள் என்றால் இலங்கைப் பட்டையையே வாங்குங்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் பேரீச்சையும் ருசியில் உயர்ந்தவை, ஆனால் உடம்புக்குள் போனால் அவையும் சர்க்கரைதான். வீட்டில் நீரிழிவு உள்ளவருக்கு "இது கருப்பட்டி, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி நாலைந்து கொடுத்துவிடாதீர்கள். இந்த பிஸ்கட் நல்லதாவது, சர்க்கரையின் அளவு குறைந்ததாலும் முழுத் தானியத்தின் நார்ச்சத்தாலும்தான்.

அடி கருகியது, மேலே வெளுத்திருக்கிறது

வெல்லத்தில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் கொஞ்சம் கலந்திருப்பதால் வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் சிவக்கும். மைதா பிஸ்கட்டுக்கு எழுதிய 180 டிகிரியை 165, 170 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஓவன்களில் திருகும் குமிழ் காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் வாங்கும், அதன் அடியில் இன்னொரு தட்டைச் சேர்த்து வைத்தால் அடி தப்பிக்கும்.

குக்கரில் மணலோ உப்போ பரப்பிச் சுடுகிறவர்களுக்கு மேலே சிவக்காது. சூடு கீழிருந்து மட்டும்தானே வருகிறது. மேல் நிறத்துக்காகக் காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும். 12 நிமிடத்துக்குப் பிறகு அடியைத் திருப்பிப் பார்த்து, பொன்னிறம் என்றால் எடுத்துவிடுங்கள்.

பொன்னிறத்தில் நிறுத்துவது ருசிக்காக மட்டும் இல்லை. 120 டிகிரிக்கு மேல் மாவில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் இந்தச் சர்க்கரைகளும் சேர்ந்து அக்ரிலமைடு உருவாகிறது. நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். முழுக்கோதுமையில் அஸ்பராஜின் மைதாவைவிட அதிகம். நல்லது என்று கோதுமையைப் போட்டுவிட்டுக் கரும்பழுப்பாகச் சுடுவதில் பயனில்லை.

பச்சைப் புள்ளி, மணல், கட்டி

சூரியகாந்தி விதை போட்ட பிஸ்கட் மறுநாள் உள்ளே பச்சையாக இருந்தால் பூஞ்சை என்று பயந்து கொட்டிவிடாதீர்கள். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து தரும் நிறம் அது, சாப்பிடலாம். சோடாவைக் குறைத்தால் வராது. மஞ்சள்தூள் போட்டுச் சிவப்பாகத் திட்டுத்திட்டாக வந்தாலும் சோடாதான் காரணம்.

கருப்பட்டியில் மணலும் தூசியும் இருக்கும். தட்டிப் போடாமல், 80 கிராமுக்கு 2 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, முழுதாக ஆறவிடுங்கள். அந்தத் தண்ணீரையே பால் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டே நாளில் நமுத்துப்போகிறது

டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வெல்லம், தேன், பேரீச்சை மூன்றும் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. எனவே கடற்கரை ஊர்களில் இது வந்தே தீரும். கம்பி வலையில் முழுதாக ஆறும்வரை டப்பாவில் போடாதீர்கள், உள்ளே கொஞ்சம் சூடு இருந்தாலும் மூடியில் வியர்த்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் பட்டர் பேப்பர் விரித்து அடுக்குங்கள். நமுத்துப்போனதை 150 டிகிரியில் 5, 6 நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும். தேன் சேர்த்திருந்தால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, சுட்டிருந்தாலும் சரி.

அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு அனுப்பும்போது பிஸ்கட்டை அதிரசத்துக்கும் கேக்குக்கும் பக்கத்தில் அப்படியே அடுக்காதீர்கள். அவற்றின் ஈரமும் எண்ணெயும் சாயங்காலத்துக்குள் பிஸ்கட்டில் ஏறிவிடும். தனியாகக் காகிதப் பையில் போட்டு, முந்திரி, நிலக்கடலை, எள் சேர்த்திருந்தால் அதை மேலே எழுதி அனுப்புங்கள்.